சிங்கரய்யாவின் அறுபத்தாறு

குண்டூர் பிராடிப்பேட்டைக் கண்ணாடிக் கடையில் முப்பது வருஷமாக அளவெடுக்கும் மஸ்தான் ராவுக்குச் சிவராத்திரி முடிந்ததிலிருந்து யார் கண்ணைப் பார்க்கவும் பயம். பிழைப்போ கண்ணைப் பார்ப்பதுதான்! எதிரே உட்கார்ந்தவர் மூக்கின்மேல் ஸ்கேலை வைத்து, ஒரு கண்மணிக்கும் மறு கண்மணிக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று படிக்க வேண்டும். எந்த முகம் வந்து உட்கார்ந்தாலும் அதற்குள்ளிருந்து செத்துப்போன சிங்கரய்யா அவரைப் பார்த்தார்.

சிங்கரய்யா மிளகாய் மண்டியில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். சிவராத்திரிக்குக் கோட்டப்பகொண்டா மலைக்கோவிலுக்குப் போய், படியிறங்கும்போது கால் தவறி உருண்டு செத்தார். அப்போது போட்டிருந்தது மஸ்தான் ராவ் அளவெடுத்துக் கொடுத்த புதுக் கண்ணாடி.

இந்த அளவுக்கு ஒரு முறை உண்டு. அளப்பவர் வலது கண்ணை மூடி, 'என் இடது கண்ணைப் பாருங்க' என்று சொல்லி ஸ்கேலின் பூஜ்யத்தைப் பொருத்துவார். அப்புறம் இடதை மூடி, வலது கண்ணைப் பார்க்கச் சொல்லி மறுபக்கம் படிப்பார். இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்தால் எதிராளியின் கண்கள் உள்பக்கம் திரும்பி, அளவு குறைந்துவிடும். மஸ்தான் ராவுக்கு வலது கண் நரம்பு செத்து ஒன்றரை வருஷம். வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. முதலாளி சேஷகிரிக்குத் தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும் என்று மென்று முழுங்கினார். கண்ணை மாற்றாமல் ஒரே பார்வையில் அவர் அளப்பதைப் பார்த்து, 'கைதேர்ந்த மனுஷன்' என்று மெச்சியவர்களும் உண்டு, கஷ்டகாலம்!

மெல்லிய கண்ணாடிக்காரர்களுக்கு மூன்று நான்கு மில்லி உறைக்காது. சிங்கரய்யா கண்ணாடியோ பாட்டில் அடி மாதிரி கனம்; அதில் அந்தப் பிசகே பார்வையைக் குழப்பிவிடும். தலைவலி என்று அவர் வந்து நின்றபோது, கடைக்காரர்கள் எல்லோரும் சொல்வதையே இவரும் சொல்லியனுப்பினார்: "பத்து நாள்ல பழகிடும்."

ஒரு திங்கட்கிழமை சிங்கரய்யாவின் மகள் உமாபாரதி வந்தாள். மஸ்தான் ராவைச் சித்தப்பா முறை வைத்து பாபாய் என்பாள். அப்பாவின் கண்ணாடிகள் இரண்டையும் மேஜைமேல் வைத்தாள். "பாபாய், இந்தப் புது ஃபிரேம்ல எனக்கு லென்ஸ் போட்டுக் குடுங்க. பழசு பெட்டிலயே இருக்கட்டும்."

இரண்டிலும் லென்ஸின் மையத்தைக் குறித்து அளந்தார். எட்டு வருஷத்துக்கு முன் தனக்கு இரண்டு கண்ணும் தெரிந்தபோது செய்தது அறுபத்தாறு மில்லி. புதியது அறுபத்திரண்டு. வயசானால் முடி கொட்டும், பல் விழும். கண்கள் நெருங்கி வராது.

"கனவுல வர்றார் பாபாய்" என்றாள் அவள். "படியில நின்னு காலால தடவுறார். உயிரோட இருந்தப்ப, படி ரெண்டு ரெண்டா தெரியுதுன்னு தினம் சொன்னார். நான்தான் 'நாடகம் போடாதே நாயனா, கடையில சொன்ன மாதிரி பழகிடும்'னு கத்துவேன். பழைய கண்ணாடியப் போட்டுக்கிறேன்னார். பிடுங்கி ஒளிச்சு வெச்சேன். நானே கொன்னுட்டேன்."

ஐயோ, பாவி! வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை நிலைக்கும். இந்தப் பெண் மட்டும் ஆயுசுக்கும் அந்தப் படியிலேயே நிற்பாள். மஸ்தான் ராவ் கல்லாப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். சேஷகிரி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, என் இடது கண்ணைப் பொத்து."

"எதுக்கு பாபாய்?"

"பொத்தும்மா, சொல்றேன்."

பொத்தினாள்.

"இப்ப ஒரு கண்ணாடிய என் மூஞ்சிக்கு நேரா புடி. புடிச்சிட்டியா? எனக்கு ஒண்ணுமே தெரியல. வலது கண்ணு செத்துப்போச்சு. உங்க நாயனாவுக்கு அளவெடுத்தப்பவும் இப்படித்தான். நாலு மில்லி தப்பு. அது என் தப்பு, உன்னோடது இல்ல."

செய்தித்தாள் மடங்கும் சத்தம் கேட்டது. முதலாளியின் செருப்பு இந்தப் பக்கமாக வந்தது.

"அப்போ..." அவள் குரல் உடைந்தது. "படி ரெண்டா தெரியுதுன்னு நாயனா சொன்னது நிஜமா?"

"ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லம்மா."

அவள் ஓவென்று அழுதாள். அவர் கண்ணைப் பொத்திய கையை எடுக்கவில்லை. அந்த இருட்டிலும் சிங்கரய்யா அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.