கஞ்சியில் தண்ணீர் கலந்தது யார்?

பக்கவாதம் வந்த பிறகு அப்பாவுக்கு நீர்க்க எதைக் கொடுத்தாலும் புரையேறும். நுரையீரலுக்குள் போனால் ஆபத்து, எல்லாமே கெட்டியாக இருக்க வேண்டும் என்றார் டாக்டர். நானோ கோவில்பதாகை ஃபிளாட்டில் நாள் முழுக்க லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு அழுபவள். அதனால் கஞ்சி காய்ச்சுவது நான், ஊட்டுவது வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வரும் ஓர் அக்கா என்று ஏற்பாடு.

கரண்டி நிற்கும் பதத்தில் நான் கொடுக்கும் கஞ்சி, பாதிக் கிண்ணம் தாண்டுவதற்குள் நீர்த்துப்போகும். அப்பா இருமுவார். எனக்கா கண்டுபிடிக்கத் தெரியாது? மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவள் ஆயிற்றே. சீக்கிரம் ஊட்டி முடிக்கத் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

"நான் இன்னாத்துக்குமா தண்ணி ஊத்தப் போறேன்? பெரியவரு இருமுனா எனக்கும்தான் பக்குனு கீது" என்றார் அக்கா. குற்றவாளிகள் எல்லாரும் அப்படித்தானே சொல்வார்கள்? அன்றோடு அவரை நிறுத்தினேன். அக்கம்பக்கமும் பிழைக்கட்டும் என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஓர் எச்சரிக்கையும் போட்டேன். கைகூப்பும் பொம்மைகள் வந்து குவிந்தன.

மறுநாள் நானே ஊட்டினேன். என் கையிலேயே கஞ்சி நீர்த்தது. வீட்டில் அப்பாவையும் என்னையும் தவிர யாருமில்லை. சந்தேகப்பட ஆள் கிடைக்காமல் டாக்டருக்குப் போன் போட்டேன்.

"வாயில வச்ச ஸ்பூனையே திரும்பக் கிண்ணத்துல விடுறீங்களா? எச்சில்ல அமைலேஸ்னு ஒரு நொதி இருக்கு, மாவுச்சத்தை உடைச்சுக் கஞ்சியை நீர்க்க வச்சிடும். கொஞ்சம் கொஞ்சமா வேற கிண்ணத்துல எடுத்து ஊட்டுங்க" என்றார்.

முளைவிட்ட பார்லியிலிருந்து இதே வேலையைச் செய்யும் நொதியை ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்கு முன்பே பிரான்சில் பிரித்தெடுத்துவிட்டார்களாம். துணியில் ஏற்றிய கஞ்சியை எடுக்கக்கூட ஆலைகளில் இந்த வகை நொதியைத்தான் போடுகிறார்கள். கோவில்பதாகைக்குத் தகவல் வந்து சேரவில்லை என்று சமாளிக்கலாம்தான். ஆனால் பிளஸ் டூவில் 'உமிழ்நீரின் பணிகள்' எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

வெட்கமாக இருந்தது. அக்காவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

"என் காதுல சொல்லி இன்னாமா பிரயோஜனம்? நான் வேலை செய்ற உங்க கீழ் ஊட்லயும் என்னை வராதன்ட்டாங்க. எல்லாருக்கும் சொன்னியே, அங்க சொல்லு."

குழுவைத் திறந்தேன். 'காரணம் அப்பாவின் எச்சில்தான்' என்று தட்டினேன். படித்துப் பார்த்து அழித்தேன். 'நான்தான் அவர் மேல் பொய்ப்பழி போட்டேன்' என்ற ஒற்றை வரியை அனுப்ப எனக்கு அரைமணி நேரம் பிடித்தது.