தராசுக்குப் பதிலா நான்

தராசுக்கு டூப்பு போட்ட ஆளு இந்த ஆரணியில நான் ஒருத்தன்தான். ஹீரோவுக்குப் பதிலா மாடியில இருந்து குதிக்கறவன் இருக்கான் பாருங்க, அந்த வகையறாதான் நானும். அடுத்தவனுக்குப் பதிலா க்யூவுல நின்னு, பதிலா கையெழுத்துப் போட்டு, பதிலா திட்டு வாங்கினவங்க உங்கள்லயும் நெறைய பேர் இருப்பீங்க. உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். மத்தவங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.

தராசு வேலைக்கு ஆள் எடுத்த கதை

ரெண்டாயிரத்து மூணு, நாலு வாக்குல நடந்தது. பஜார்ல ஒரு அரிசி மண்டி மாடியில சுமதி மேடம் கம்ப்யூட்டர் ஆபீஸ் வெச்சிருந்தாங்க. வந்தவாசிக்காரங்க, தினம் பஸ்ஸுல வந்து போவாங்க. ஆபீஸ்னா ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன், அப்பால நான். ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தறது, கரண்ட் போனா மொதல்ல சத்தம் போடறது, ரெண்டும் என் டூட்டி. பள்ளிக்கூடம் என்னை எட்டாங்கிளாஸ் வாசல்லயே திருப்பி அனுப்பிடுச்சி, அதனால பெரிய பொறுப்பு எதுவும் குடுக்கல.

அப்பதான் பட்டுச்சேலை முதலாளி ஏகாம்பரம் ஒரு வேலை குடுத்தாரு. முள்ளிப்பட்டுல அவருக்கு நெய்யற வீடுங்க நெறைய. பட்டு நூலையும் ஜரிகையையும் எடை போட்டு அனுப்புவாரு. சேலையாத் திரும்பி வர்றப்போ மறுபடியும் எடை. ரெண்டு எடையையும் கம்ப்யூட்டரே தராசுகிட்ட கேட்டு வாங்கி, ஒத்துப் பார்த்துச் சொல்லணும். ப்ரோக்ராம் பாதி எழுதியாச்சி, தராசு மட்டும் இன்னும் வாங்கல. மேடம் ரெண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவுல ஒரு ஒயரைச் சொருவிட்டு, அதுல பழைய கம்ப்யூட்டர் எதிர்ல என்னை ஒக்கார வெச்சாங்க. "முனுசாமிண்ணா, இனிமே நீங்கதான் தராசு. அந்தப் பக்கம் எடை கேட்டா ஒரு நம்பர் அடிச்சி அனுப்பணும். கேக்காம நீங்களா எதுவும் பேசக் கூடாது."

"நடுவுல ஒரு டீ குடிச்சிக்கலாமாம்மா?"ன்னு கேட்டேன்.

"எந்தத் தராசுண்ணா டீ குடிக்குது?"

முதலாளி போட்ட கண்டிஷன்

ஒரு நாள் ஏகாம்பரம் முதலாளி ஆபீஸுக்கே வந்துட்டாரு. நான் சும்மா ஒக்காந்துகினு இருக்கறதைப் பார்த்துட்டு, "இவன் இன்னா பண்றான்?"னாரு. "இப்போதைக்கு இவருதான் சார் தராசு"ன்னாங்க மேடம். அவரு என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "எடைக்கல்லு மாதிரிதான் கீறான்"னுட்டு நாற்காலிய இழுத்துப் போட்டுக்கினாரு.

அப்பால சிரிப்பில்ல. "இதோ பாரும்மா, சேலை எடை கொறஞ்சா இந்த ஊர்ல அதுக்கு ஒரே அர்த்தம்தான். நூலை நெசவாளி எடுத்துட்டான்னு. என்கிட்ட நெய்யறவங்க யார் மேலயும் இதுவரைக்கும் அந்தப் பேரு விழுந்ததில்ல"ன்னாரு. மேடம் தலையை ஆட்டினாங்க. அவங்களுக்கு வீட்ல வேற ஒரு கண்டிஷன் இருந்துச்சி. இந்த ஒரு வேலை தேறலன்னா ஆபீஸைப் பூட்டிட்டு வந்தவாசிக்கே வந்துடணும்னு அவங்கப்பா சொல்லிட்டாரு. அது தெரியாம முதலாளி எழுந்துகினே சொன்னாரு:

"என் ஜனத்துல ஒருத்தரை உன் கம்ப்யூட்டர் பொட்டி திருடன்னு சொல்லிச்சின்னா, அன்னிக்கே அதை என் கடை மாடியில இருந்து கீழ எறக்குவேன். படி வழியா இல்ல, ஜன்னல் வழியா."

நாப்பது கிலோ சேலை

தராசு வேலை பேஜார் புடிச்ச வேலைங்க. அது கேக்கும், நான் அடிப்பேன். அது கேக்கும், நான் அடிப்பேன். கல்யாணம் ஆன உங்களுக்கு இதைப் புதுசா சொல்ல வேண்டியதில்ல. ஒரு நாள் மத்தியானம் கொழுப்பு தாங்கல, ஒரு சேலைக்கு நாப்பது கிலோன்னு அடிச்சிட்டேன். கட்டினா பொம்பளை எழுந்து நிக்க முடியாது! கம்ப்யூட்டர் அசரல. "சேலை சரி, நன்றி"ன்னு காட்டிச்சி. சரி பார்க்கலாம்னு பூஜ்யத்துக்கும் கீழ ஒரு எடை அடிச்சேன். அதுக்கும் நன்றி! ஒத்துப் பார்க்கற பாதிய மேடம் இன்னும் எழுதல போல.

நான் சிரிச்ச சிரிப்புல கீழ மண்டியில மூட்டை தூக்கறவங்க நிமிந்து பார்த்தாங்க. மேடம் வந்து திரையைப் பார்த்தாங்க, தலையில கை வெச்சிகினு ஒக்காந்துட்டாங்க. போச்சி, திரும்பவும் டீசல் டப்பாதான்னு நெனச்சேன். அவங்க இன்னா எழுதினாங்களோ, அதுக்கப்புறம் நான் எந்த லூசுத்தனமான நம்பர் அடிச்சாலும் அது "முடியாது"ன்னு திருப்பி அனுப்பிச்சி. அப்பால என்கிட்ட திரும்பினாங்க.

"தினம் வந்ததும் ஒரு மணி நேரம் இந்த மாதிரி கொழுப்பெடுத்து அடிங்கண்ணா, உங்களுக்கு இயற்கையா வருது."

டூப்புக்கு ஒரு டூப்பு

அப்படி ஜாலியாப் போய்கினு இருந்த பொழப்புல மண்ணு விழுந்துச்சி. என் வேலையை அவங்க ப்ரோக்ராமாவே எழுதிட்டாங்க. பேரு மாக் ஆப்ஜெக்ட்டாம், இங்கிலீஷ்ல டூப்பு. மொத்த ப்ரோக்ராமையும் துண்டு துண்டாப் பிரிச்சி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியா சோதிக்கணுமாம். எடை பார்க்கற துண்டைச் சோதிக்கறப்போ நெஜத் தராசு வேணாம், தராசு மாதிரி நடிக்க ஒண்ணு இருந்தா போதும். முன்னாடியே சொல்லிக் குடுத்த எடையை அது ஒப்பிக்கும். அதோட விடாது, "என்னை ஒரே ஒரு தடவை கேட்டாங்களா, கேக்காம விட்டாங்களா, கூட கேட்டாங்களா"ன்னு பார்த்து மேடம்கிட்ட கோள் மூட்டும். எல்லாம் சரின்னா திரையில பச்சைக் கோடு, தப்புன்னா சிவப்பு. நான் நாளெல்லாம் அடிக்கறதை அது கண் சிமிட்டறதுக்குள்ள முடிச்சிடுச்சி. என் நாப்பது கிலோவைக்கூட விடல, அதையும் சேர்த்துக்கினாங்க.

"நானே ஒரு டூப்பு, எனக்கு ஒரு டூப்பா? இது அநியாயம்மா"ன்னேன்.

"உங்களை விட ஒரு விஷயத்துல இது தேவலாம்ணா, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுது."

அதுக்கு இன்னா அவசரம்

நெஜத் தராசு வந்து எறங்கிச்சி. பளபளன்னு எலக்ட்ரானிக் தராசு. கெளம்பறதுக்கு முன்னாடி மேடம் மறுபடியும் சோதிச்சாங்க, மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே பச்சை, நாத்தங்கால் மாதிரி. முதலாளி கடை மாடிக்குப் போய், எல்லாம் மாட்டி, மொத சேலைக்குக் காத்துகினு இருந்தோம். முள்ளிப்பட்டுல இருந்து தேவகி அக்கா வந்தாங்க. மாம்பழக் கலரு, அரக்கு பார்டரு, அப்படி ஒரு சேலை. ரெண்டு கையாலயும் ஏந்தி தராசுல எறக்கினாங்க. திரையில சிவப்பு எழுத்து: "எடை குறைவு."

முதலாளி மொதல்ல தேவகி அக்காவைப் பார்த்தாரு, அப்பால ஜன்னலைப் பார்த்தாரு. "ஒரு இழை எடுத்திருந்தா இந்தக் கை வெளங்காமப் போவட்டும்"னாங்க அக்கா. குரல் ஒடையல, கண்ணுதான் ஒடைஞ்சிச்சி. மேடம், "இன்னொரு தடவை வைங்கக்கா"ன்னாங்க. வெச்சாங்க. மறுபடியும் சிவப்பு, இந்தத் தடவை இன்னும் கொறைவு! முதலாளி, "இன்னாம்மா இது, நூலு என் கண்ணெதிர்லயே களவு போவுதா?"ன்னாரு.

மூணாவது தடவை மேடம் திரையைப் பார்க்கல, தராசைப் பார்த்தாங்க. நானும் பார்த்தேன். அக்கா சேலையை எறக்கிட்டு ஒடனே கையை எடுக்கல. சேலைக்கு அடியில கையை வெச்சபடியே கண்ணை மூடி, வாய்க்குள்ள சாமி பேரைச் சொல்லி, அப்பாலதான் மெதுவா கையை உருவிக் கண்ணுல ஒத்திக்கினாங்க. ஜனம் பண்ற பழக்கம்தான் அது, முடிஞ்ச சேலைய யாரும் தொபுக்குன்னு போட மாட்டாங்க. எங்க பொட்டி இன்னா பண்ணுச்சின்னா, சேலை தட்டுல பட்டதும் எடையைக் கேட்டு, மொதல்ல வந்த நம்பரை எடுத்துகினு ஓடிடுச்சி. சேலையோட ஒரு ஓரம் இன்னும் அக்கா கையிலதான் கெடந்துச்சி. கையை எடுத்த அப்பால தராசு மூஞ்சில வந்த எடை கரெக்டா இருந்துச்சி, முதலாளியே குனிஞ்சி பார்த்தாரு. "நீங்க கையெடுக்கறதுக்குள்ள அது எடை பார்த்துடுச்சிக்கா"ன்னாங்க மேடம்.

"நான் சாமி கும்புட்டு முடிக்கறதுக்குள்ள அதுக்கு இன்னா அவசரம்?"

தீர்ப்பு

அக்கா பேரு தப்பிச்சிடுச்சி. ஆனா கண்டிஷன் கண்டிஷன்தானே? பொட்டி ஒருத்தரைத் திருடின்னு சொன்னது சொன்னதுதான். மேடம் ஒயரைக் கழட்ட ஆரம்பிச்சிட்டாங்க. அந்த மூஞ்சில வந்தவாசி பஸ்ஸு தெரிஞ்சிச்சி. எனக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு ஜோக்கு வரும், அன்னிக்கு ஒண்ணுகூட வரல.

முதலாளி, "தேவகி, அது உன்னத்தான் சொல்லிச்சி. நீயே சொல்லு, எறக்கிடலாமா?"ன்னாரு. அக்கா மூக்கை உறிஞ்சிகினு பொட்டியைப் பார்த்தாங்க, மேடத்தைப் பார்த்தாங்க.

"புதுசா தறி போட்டாக்கூட மொதல்ல இழை அறுக்கத்தான் செய்யும், அதுக்குன்னு தறியத் தூக்கி ஆத்துலயா போட்டோம்? நாளைக்கி இதே சேலைய எடுத்தாறேன் முதலாளி, நான் கும்புட்ற வரைக்கும் அது வாய மூடிகினு இருக்கட்டும்."

தேவகி அக்காவா நான்

ஆபீஸுக்கு வந்ததும் மேடம் சொன்னாங்க, "நம்ம டூப்பு ரொம்ப நல்ல புள்ளைண்ணா. கேட்டதும் ஒரே எடையை டக்குனு சொல்லிடுச்சி. நெஜத் தராசு அப்படி இல்ல, தடுமாறித் தடுமாறித்தான் நிக்குது. மறுபடியும் நீங்க ஒக்காருங்க." எனக்கு வந்துச்சி பாருங்க ஒரு பெருமை! தோள்ல இருந்த துண்டை மடிச்சி சேலையாக்கி, ரெண்டு கையால எறக்கி, கண்ணை மூடி, தெரிஞ்ச சாமி பேரெல்லாம் சொன்னேன். நடுவுல ஒரு கையால கொறைச்சலா ஒரு நம்பரு, கொஞ்சம் ஏத்தி ஒண்ணு, கையெடுத்த அப்பால சரியான எடை, அதையே திரும்பத் திரும்ப அடிச்சேன். அதைப் பார்த்துப் பார்த்து மேடம் டூப்புக்குத் தடுமாறச் சொல்லிக் குடுத்தாங்க. எடை ஆடாம நிக்கற வரைக்கும் ப்ரோக்ராமைக் காத்திருக்க வெச்சாங்க.

ஒடனே பழைய சோதனையெல்லாம் சிவப்பாச்சி! இன்னான்னா, பழைய டூப்பு கோள் மூட்டுது: "என்னை ஒரு தடவைக்கு மேல கேக்கறாங்க." அதுக்கும் புத்தி சொல்லித் திருத்தினாங்க. திருத்தறதுக்குள்ள நான் கண்ணை மூடினபடியே அம்மன் கோயில் எல்லாத்தையும் முடிச்சிட்டு முருகன் கோயிலுக்குப் போயிட்டேன், சும்மா, எவ்ளோ நேரம்தான் அது காத்துகினு இருக்கும்னு பார்க்க.

"கும்புட்டது போதும், கையெடுங்கண்ணா, கோயில்லயே நடை சாத்திட்டாங்க."

மறுநாள்

தேவகி அக்கா வந்தாங்க, அதே மாம்பழக் கலரு சேலை. எறக்கினாங்க, கண்ணை மூடினாங்க. வேணும்னே இழுக்கறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சி, ஏன்னா நடுவுல ஒரு கண்ணைத் தொறந்து பொட்டியைப் பார்த்துட்டு மறுபடி மூடிக்கினாங்க. பொட்டி கப்சிப். மேடம் தன்னோட முந்தானையைக் கையில சுத்திகினு நிக்கறாங்க. கடைசியா அக்கா கையை உருவிக் கண்ணுல ஒத்திக்கினாங்க. எடை ஆடிச்சி, நின்னுச்சி. "சேலை சரி, நன்றி."

"நன்றியெல்லாம் சொல்லுதே, மரியாதை தெரிஞ்ச பொட்டிதான்"னாங்க அக்கா. மேடம் சிரிச்சாங்க, கண்ணைத் தொடச்சிகினே சிரிச்சாங்க. முதலாளி மட்டும் மூஞ்சை இறுக்கமா வெச்சிகினு என் பக்கம் திரும்பினாரு.

"முனுசாமி, அந்த ஜன்னலைச் சாத்துடா, பொட்டிக்குத் தூசி ஆவாது."

ஆக, டூப்பு போடற என் இனத்து ஜனங்களே, நல்லவனா நடிக்கறது சுலபம், நெஜம் மாதிரி தடுமாறி நடிக்கறதுதான் கஷ்டம், ரெண்டுக்கும் டீ மட்டும் கெடையாது.