எண்ணூரக்காவின் கழுத்து

பூப்போட்ட உறை மாட்டிய அந்தத் தலையணையை நான் எத்தனை முறை பிடுங்கி வெளியே வைத்திருப்பேன்! எங்கள் தீக்காய வார்டில், கழுத்து வெந்தவர்களுக்குத் தலையணை கூடாது. தலை மடங்கிக் கிடந்தால், புண் ஆறும்போது தோல் சுருங்கி மோவாயை நெஞ்சோடு இழுத்துவிடும். பிறகு தலை நிமிராது. எண்ணூரிலிருந்து வந்ததால் வார்டில் எண்ணூரக்கா என்று நாங்கள் கூப்பிட்டவளின் கணவரிடம் இதைச் சொல்லாத நாளில்லை. மறுநாளும் தலையணையோடு வந்து நிற்பார். பக்கத்துக் கட்டில் பெண்கள், "இன்னா பாசம் பாரேன்" என்று உருகுவார்கள். எனக்கு வசவு வாய்வரை வந்து நிற்கும்.

ஸ்டவ் வெடித்துவிட்டது என்றுதான் போலீசிடம் அக்கா சொல்லியிருந்தாள். அவள் வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு என்பது, அவளோடு மீன் விற்கும் பெண்கள் பார்க்க வந்தபோது பேசிய பேச்சில் தெரிந்தது. ஒருநாள் பயிற்சியின் நடுவே அவளே சொன்னாள். படகு எஞ்சினுக்கு வாங்கி வைத்திருந்த மண்ணெண்ணெய். ஊற்றியது கணவர்தான்.

"போலீஸ்ல சொல்லலாமேக்கா" என்றேன்.

"சொல்லிட்டு? ரெண்டு பொட்டப் புள்ளைங்கள இட்டுகினு எங்க போறது மேடம்?"

பிசியோதெரபிஸ்ட்டான எனக்குத் தெரிந்தது கழுத்துதான். அதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. தோளுக்கடியில் துணியைச் சுருட்டி வைத்து, மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்க்கச் சொல்வேன். கண்ணீர் காதுவரை வழிய வழியப் பார்ப்பாள். வீட்டுக்குப் போகிற அன்று, என்னை நேருக்கு நேர் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தலையை நிமிர்த்திப் பிடிக்க நாங்கள் மாட்டிவிட்ட கழுத்துப்பட்டையைக் கழற்றக் கூடாது, தினமும் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன்.

மழைக்காலம் முடிந்து வந்தாள். மோவாய் நெஞ்சில் ஒட்டிக் கிடந்தது. என் முகத்தைப் பார்க்க இடுப்போடு பின்னால் சாய வேண்டியிருந்தது. பட்டை எங்கே என்று கத்திவிட்டேன்.

"அத்தப் போட்டா தல தூக்கிகினே நிக்குது மேடம். இன்னாடி மொறைக்கிறன்னு அடிக்கிறாரு. இப்ப கீழ பாத்துகினே கீறனா, வூட்ல சண்டையே இல்ல."

ஆபரேஷன் செய்து நிமிர்த்திவிடலாம் என்றேன். பதறிப்போய் வேண்டாம் என்றாள். தழும்பின் அரிப்புக்கு மருந்து வாங்கத்தான் வந்திருந்தாள். வாங்கிக்கொண்டு போனாள். அதன்பின் வரவில்லை.

இன்றும் அதே வார்டில்தான் இருக்கிறேன். அண்ணாந்து பாருங்கள் என்று புதிதாக வருகிற பெண்களிடம் சொல்வதற்கு முன், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.