நிறுத்த வழியில்லாத இன்ஜின்

போன புதன்கிழமை திருத்தணியில் ஒரு கல்யாண மண்டப ஆபீஸில் திருதிருவென முழித்துக்கொண்டு நின்றேன். காரணம்... நானே எழுதிய சாஃப்ட்வேர்!

முகூர்த்த நாள் தேடித் தருவது அதன் வேலை. எங்கள் பக்கத்தில் நாள் பார்ப்பது லேசுப்பட்ட காரியமா? தமிழ்க் குடும்பத்துக்கு ஆடி ஆகாது. தெலுங்குக் குடும்பத்துக்கு ஆஷாட மாதம் ஆகாது - அது வேறு நாளில் தொடங்கி வேறு நாளில் முடியும். சம்பந்தத்துக்குச் சம்பந்தம் புதுக் கண்டிஷன். ஒவ்வொன்றுக்கும் நான் அரக்கோணத்தில் ரயிலேறி ஓட முடியுமா?

மண்டப மேனேஜர் முனிரத்தினமே கண்டிஷன்களை ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியில் நாலு வரி எழுதிக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தேன். அவர் எழுதுவதைப் படித்து ஓட்ட, சாஃப்ட்வேருக்குள் ஓர் இன்ஜின் பொருத்த வேண்டும். இன்டர்நெட் சென்டரில் பழியாய்க் கிடந்து மூன்று இன்ஜின்களை இறக்கினேன். மூன்றையும் ஓடவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, படுவேகமானதைப் பொருத்தினேன். அந்தப் பெருமையைத்தான் இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே அளந்திருக்கிறேனே!

புதன் காலை முனிரத்தினத்திடமிருந்து போன். "சார், கம்ப்யூட்டர் பொட்டி அப்டியே நின்னுகினு கீது. பொண்ணோட நைனா எதிர்ல குந்திகினு கீறாரு. சாயங்காலத்துக்குள்ள நாள் சொல்லலன்னா மாப்ள வூட்ல வேற எடம் பாத்துடுவாங்களாம்!"

ஓடினேன். முனிரத்தினம் எழுதியதைப் படித்தேன். ஐயையோ! மாப்பிள்ளை வீட்டுக்கு ஞாயிறுதான் வேண்டும். பெண் வீட்டுக்கு ஞாயிறு ஆகவே ஆகாது. மனுஷர் இரண்டையும் எழுதி, 'கிடைக்கும்வரை தேடு' என்றும் போட்டிருக்கிறார்!

"ரெண்டும் எப்படிங்க பொருந்தும்?"

"சம்பந்திங்க சொன்னத நான் எப்டி சார் தள்றது? மரியாதையா இருக்குமா?"

சரி, தேடலை நிறுத்தலாம் என்றால்... என் இன்ஜினில் அதற்கு வழியே இல்லை! தானாக முடிந்தால்தான் உண்டு. மற்ற இரண்டிலும் அந்த வசதி இருந்தது. நான் பார்த்தேனா? எந்த நூற்றாண்டில் போய் ஞாயிறு தேடிக்கொண்டிருந்ததோ... கடைசியில் பிளக்கைப் பிடுங்கினேன்.

பெண்ணின் அப்பா சுப்பராயுலு, ஆந்திரப் பக்கம் நகரிக்காரர், மெல்ல வாயைத் திறந்தார்.

"பெரியவ கல்யாணம் ஞாயித்துக்கெழமைதான் பண்ணேன். ஒரு வருசம்கூட நெலைக்கல. அதாம்பா பயம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அதை வெறும் ஒரு வரியாக அல்லவா படித்தேன்!

"பரவால்ல. என்னோடத எடுத்துடு. சின்னவளுக்காவது நல்லது நடக்கட்டும்."

அந்த வரியை அழித்தோம். கண் மூடித் திறப்பதற்குள் நாள் வந்தது - ஆவணியில் ஒரு ஞாயிறு. சுப்பராயுலு மண்டப புக்கிங்கில் கையெழுத்துப் போட்டார்.

இப்போது மெதுவான இன்ஜின்தான் ஓடுகிறது. ஐந்து நிமிஷம் தேடியும் கிடைக்காவிட்டால், 'யாராவது ஒருவர் விட்டுக்கொடுங்கள்' என்று சொல்லி நின்றுவிடும். ஓடுகிற எதையும் வாங்கும் முன் நிறுத்துவது எப்படி என்று கேட்க வேண்டாமா?

வீட்டுக்கு வந்து, எனக்குப் பெண் தேட அம்மா வைத்திருக்கும் லிஸ்டை எடுத்துப் பார்த்தேன். பதினோரு கண்டிஷன்... அதில் ஏழு நான் போட்டது!