கணப்புக் குழியில் உட்கார்ந்த மேவிஸ்

எங்கள் ஹாலிஃபாக்ஸ் தெருவில் மேவிஸ் சக்டனிடம் வாய் கொடுத்தவர்கள் உண்டு, மீண்டவர்கள் இல்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டி பிடித்தவள். அன்று பட்டாணியை ஒதுக்கிய பையன்கள் இன்று தாத்தாவாகியும் அவளைக் கண்டால் ஒளிவார்கள்.

மகள் ஹேசலுக்கு அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட வேண்டும். அதற்கு ஒரு சாக்குத்தான் தேடிக்கொண்டிருந்தாள். மேவிஸுக்கு அது தெரியும்.

மேவிஸின் பக்கத்து வீட்டு டாரனின் மனைவிக்கு அது நிறைமாதம். தொட்டில் போட மாடியறையில் இடமில்லை. அறைக்குள் நீட்டிக்கொண்டிருந்த புகைபோக்கிச் சுவரை இடித்துவிடத் தீர்மானித்தான். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். அதன் இருபுறமும் முதுகோடு முதுகு ஒட்டி ஏறும் புகைபோக்கிகள், கூரைக்கு மேலே ஒரே கல் தூணாகச் சேர்ந்து நிற்கும்.

முதல் சம்மட்டி அடி கேட்டதுமே மேவிஸ் மடக்கு நாற்காலியும் தேநீர்ப் பிளாஸ்குமாகப் போனாள். சத்தம் கேட்டு நானும் எதிர்வீட்டிலிருந்து ஓடினேன். அவள் டாரன் வீட்டு மாடியறையில், புகைபோக்கிக்கு அடியில் நெருப்பு மூட்டும் கணப்புக் குழிக்குள் முதுகைச் சாய்த்து, சட்டமாக உட்கார்ந்திருந்தாள்.

"மேவிஸ், எழுந்திருங்க. வேலை நடக்கணும்" என்றான் டாரன்.

"நடக்கட்டுமே. என்னைச் சுத்தி இடி."

கொத்தனார் சிரித்தார். "பாட்டி, கூரைக்கு அடியில இருக்கற மச்சுல ரெண்டு இரும்பு முட்டு அடிச்சு மேல நிக்கற கல்லைத் தாங்கிடுவோம். இந்தத் தெருவுல பாதி வீட்டுல அப்படித்தான் நிக்குது."

"யாருடா பாட்டி? உங்கப்பனுக்கே கஸ்டர்ட் ஊத்தினவ நான். சுவருக்கு அந்தப் பக்கம் முழுசா இருந்தாத்தான்டா முட்டு தாங்கும்!"

"உங்க பக்கம் முழுசாத்தானே இருக்கு?"

மேவிஸ் பிளாஸ்க் மூடியைத் திருகினாள், மறுபடி திருகினாள். டாரனின் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். மேவிஸ் அவள் வயிற்றைப் பார்த்தாள்.

"இல்லை" என்றாள். "என் பக்கம் ஒண்ணுமில்லை. எண்பத்தெட்டாம் வருஷம் நானே இடிச்சேன். அலமாரி வைக்க இடம் வேணும்னு. என் வீட்டுக்காரர் கிளிஃபர்ட் ஒரு வாரம் மீன் பிடிக்கப் போயிருந்தாரு. நகர கவுன்சில்ல அனுமதி வாங்கலை. மேல இருக்கற கல்லு ரெண்டு முட்டுலதான் தொங்குது. உன் பக்கமும் போச்சுன்னா அத்தனை கல்லும் உன் பிள்ளை தொட்டில்ல விழும், என் கட்டில்லயும் விழும்."

அடிப்பாவி! கிளிஃபர்ட் அறையை விசாலமாக்கிவிட்டார் என்று தெருவே அந்த மனுஷனைப் புகழ்ந்தது. அவரும் சாகிறவரை வாயைத் திறக்கவில்லை.

டாரன் நம்பவில்லை. அவளே அவனைக் கூட்டிப்போய்த் தன் வீட்டு மச்சில் ஏற்றிவிட்டாள். இறங்கி வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை. கவுன்சில் அதிகாரியை அவனே கூப்பிட்டான்.

வந்தவர் மேவிஸைத் திட்டித் தீர்த்தார். முட்டெல்லாம் உதவாது, இரண்டு வீட்டு மச்சிலும் புகைபோக்கிக்கு அடியில் இரும்பு உத்தரம் போட வேண்டும் என்றார். "திட்டறதை முடிச்சாச்சுன்னா ஒரு டீ குடிங்க" என்றாள் மேவிஸ். குடித்தார்.

உத்தரம் ஏறிய மறுநாள் ஹேசல் வந்தாள். கையில் இல்லத்தின் விண்ணப்பத் தாள்.

"பார்த்தியாம்மா? இப்படி ஆபத்தான காரியமெல்லாம் பண்ணிட்டு... இனிமே உன்னைத் தனியா விட முடியாது."

மேவிஸ் மகளை மாடிக்கு அழைத்துப்போய்க் கட்டிலில் உட்காரவைத்தாள். எனக்கும் நாற்காலி காட்டினாள்.

"ரெண்டு இரும்பு முட்டுகளை நம்பி முப்பது வருஷம் இதுக்குக் கீழ தூங்கினேன். அப்ப ஒரு நாள் வந்து மேலே பார்த்தியா நீ? இப்ப இரும்பு உத்தரம் போட்டிருக்கேன். இப்பவா என்னைக் கிளம்பச் சொல்றே?"

ஹேசல் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். மேவிஸ் அலமாரியைத் திறந்து, அடுத்த வீட்டுக் குழந்தைக்குப் பின்னிய கம்பளித் தொப்பியைத் தேட ஆரம்பித்தாள்.