முருகேசனின் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்கள்

மார்ச் 12, புதன்கிழமை. வழக்கம்போல நாலரைக்கு எழுந்து, குழாயில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுச் சவரம் செய்தேன். விமான நிலையத்தில் சுமை தூக்க நான்கு பேர் வருவார்கள் என்று விசாரித்திருந்ததால், சட்டைப் பையில் நான்கு நூறு ரூபாய்த் தாள்களைத் தனியே மடித்து வைத்துக்கொண்டேன். ஐந்தரைக்கு வேன் வந்தது.

மாமனாரின் ஊரான எப்போதும்வென்றானில் அவருடைய பங்காளிகள் மூவரை ஏற்றினோம். மாமனார் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாப்ள, கூலி குடுத்து எம்புள்ளையத் தூக்க விட்டுராதீங்க. சாகுற வரைக்கும் கூலிக்கே கெடந்தான். நம்மாளுகதான் தோள் குடுக்கணும்."

"சரி, மாமா."

என் மனைவியின் தம்பி முருகேசன், வளைகுடா நாட்டு விமான நிலையம் ஒன்றில் பயணிகளின் பெட்டிகளை வண்டியில் தள்ளி வெளியே கொண்டுவிடுகிற வேலையில் ஒன்பது வருடம் இருந்தான். சம்பளம் சாப்பாட்டுக்கும் அறைக்கும் சரியாகிவிடும். வீட்டுக்கு வந்ததெல்லாம் பயணிகள் கையில் கொடுத்த காசுதான். போன வாரம் தூக்கத்திலேயே இறந்துவிட்டான்; அவன் உடலை வாங்கத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

திருவனந்தபுரம் போய்ச்சேர ஐந்து மணி நேரம் ஆனது. நாகர்கோவிலைத் தாண்டியதும் இருபுறமும் தென்னையும் வாழையும். முருகேசன் முன்பு தொலைபேசியில் சொன்னது நினைவுக்கு வந்தது.

"அத்தான், அமெரிக்காக்காரன் பெட்டிக்கு இவ்வளவுன்னு எண்ணித் தருவான். ஜப்பான்காரனுக்கு அந்த வழக்கமே கெடையாது, குனிஞ்சு நன்றி சொல்லுவான். அரபிப் பெரியவரு மொகத்தைக்கூடப் பாக்காம தாளைக் கையில திணிச்சிட்டுப் போயிருவாரு. நம்மூர்க்காரன் இருக்கானே, ‘எந்த ஊரு தம்பி’ன்னு பாசமாக் கேப்பான், பெரிய கும்பிடாப் போடுவான், நழுவிருவான்!"

சரக்குப் பிரிவில் காகிதங்களைச் சரிபார்த்துப் பெட்டியை வெளியே விட்டபோது மணி பன்னிரண்டு. உள்ளே தகரம் அடித்த மரப்பெட்டி. நாங்கள் நால்வரும் தூக்கினோம். பத்தடி போவதற்குள் கால்மாட்டுப் பக்கம் சரிந்தது. ஓரமாக நின்றிருந்த சுமை தூக்குபவர்கள் நால்வர், யாரும் கூப்பிடாமலே ஓடி வந்து தோள் கொடுத்தார்கள். எட்டுப் பேருமாக வேனில் ஏற்றினோம்.

ஏற்றிய பிறகு அவர்கள் கைத் தூசியைத் தட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்கள். கேட்கவும் இல்லை, போகவும் இல்லை. என் கை சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது. கும்பிட்டேன். வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

"பிசுக்கன்!" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"கஞ்சப்பயன்னு சொல்லுதான், அண்ணாச்சி," என்றார் ஓட்டுநர் செல்வம். "ஆளுக்கொரு டீக்காவது குடுத்திருக்கலாம்லா?"

வேன் கதவை இழுத்துச் சாத்தினேன்.

ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைக் கடந்ததும் பச்சை குறைந்துகொண்டே வந்தது. ஊரை நெருங்குகையில் காய்ந்த பருத்திமார்ச் செடிகள் பிடுங்காத கரிசல் நிலம், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. முருகேசன் அனுப்பிய காசில் போட்ட கான்கிரீட் தளத்தின் கீழ் மாமனார் உட்கார்ந்திருந்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கூலி குடுக்கலையே, மாப்ள?"

"இல்ல, மாமா."

தலையசைத்தார். பொழுதடையுமுன் எல்லாம் முடிந்தது. சாவு விழுந்த துட்டி வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கோவில்பட்டி பஸ் ஏறினேன்.

மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாகச் செல்வத்தின் வீட்டுக்குப் போனேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். மடிப்புக் கலையாத அந்த நான்கு தாள்களை நீட்டினேன்.

"அடுத்த தடவ அங்கன போகும்போது அந்த நாலு பேருகிட்டயும் குடுத்திருங்க. இது கூலி இல்லன்னு சொல்லிருங்க."

"பொறவு என்னன்னு சொல்ல, அண்ணாச்சி?"

"முருகேசன் குடுத்தான்னு சொல்லுங்க."

ஈரக்கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.