நான்கு எல்லை இல்லாத நிலம்

அமெரிக்காவின் பார்சிப்பனியில் சேனாபதியைத் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் அவருடைய சந்தேகத்தைப் பற்றி ஒரு கதையாவது இருக்கும். காரைப் பூட்டிவிட்டு நாலடி நடப்பார். திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பார். மென்பொருளில் பிழை தேடுவதுதான் அவர் தொழில். அப்படிப்பட்டவர் 2005இல் ஒரு தாளைப் பார்த்து சொக்கிப்போனார்.

தாளைக் கொடுத்தவன் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரன் ஓலெக். உக்ரைனில் அவன் ஊர் நிலமெல்லாம் ஒரு காலத்தில் கூட்டுப்பண்ணை. சோஷலிச ஆட்சி போனதும், பண்ணையில் உழைத்தவர்களுக்கு, ஓலெக்கின் அம்மா உட்பட, ஆளுக்கொரு நிலப் பங்குப் பத்திரம் கிடைத்தது. பண்ணையின் பழைய தலைவரே இப்போது அந்தப் பங்குகளைச் சேர்த்துக் கம்பெனி தொடங்கியிருந்தார். அவர் ஓலெக்கின் மாமா. பணம் போட வெளிநாட்டில் ஆள் தேடினார். வீடு வாங்கச் சேர்த்ததை அப்படியே அதில் போடச் சேனாபதி தயார். வெள்ளிக்கிழமை கையெழுத்து.

வியாழன் சாயங்காலம், ஓலெக் மாதிரிக்குக் கொடுத்திருந்த அந்தத் தாளை, ஒரு பங்குப் பத்திரத்தின் ஆங்கில நகலை, மனைவி சாந்தாமணி எடுத்துப் படித்தாள். அவள் அப்பா பட்டுக்கோட்டையில் பத்திரம் எழுதுபவர்.

“ஏங்க, இதுல நாலு எல்லை எங்க?”

“எத்தன ஏக்கர்னு போட்டிருக்குல்ல, போதாதா?”

“வடக்க யாரு, தெக்க யாருன்னு இல்லாம நிலமா? காத்துலயா உழுவாங்க?”

“கறுப்பு மண்ணு மணி! வேர்ல்டுலயே பெஸ்ட்.”

“மண்ண யாரு குறை சொன்னா? ஆளைச் சொல்றேன். அன்னிக்கும் அவரு தலைவரு, இன்னிக்கும் அவருதான் ஓனரு. உங்க ஃப்ரெண்டோட அம்மாவும் அங்கதான உழைச்சாங்க? அவங்க பங்க கம்பெனிக்குக் குடுத்துட்டாங்களான்னு கேட்டுட்டு சைன் பண்ணுங்க.”

சேனாபதி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊரில் இருக்கிற பிழையெல்லாம் கண்டுபிடிப்பவர், இதைக் கேட்கவில்லையே.

மறுநாள் காபி மெஷின் பக்கத்தில் கேட்டார். ஓலெக் சிரித்தான். பிறகு சர்க்கரையைத் தேவைக்கு மேல் கலக்கினான். அம்மா கொடுக்கவில்லையாம். ‘என் துண்டு எதுவென்று நாலு முளை அடித்துக் காட்டு, தருகிறேன்’ என்று சொன்னாளாம். மூன்று வருஷமாக மாமா முளையோடு வரவில்லை.

“கிழவியின் பிடிவாதம்” என்றான் ஓலெக், தரையைப் பார்த்து.

சேனாபதி பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். “முளை அடித்த பிறகு சொல்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சாந்தாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“நம்ம பணத்தக் காப்பாத்துன அந்தம்மா பேரு என்னங்க?”

“கேக்கலையே.”

“அதக் கேட்டிருக்கலாம்ல” என்றாள், தாளை மடித்து அவர் கையில் கொடுத்தபடி.